யூரியா வந்தால் உறங்கும், போனால் விழிக்கும்: மண்ணின் பற்றீரியாக்கள் நைதரசனைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

பூக்கத் தொடங்கிய ஒரு கௌபிச் செடியை வேரோடு எடுத்துப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் வேண்டியது மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் சுற்றிவரத் தோண்டி, மண்ணை மெல்ல உதிர்த்து எடுக்க வேண்டும். வேர்களில் மிளகளவில் சிறு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை, அல்லது நின்றுவிட்டது.

அந்த முடிச்சுக்குள் இருப்பவை பற்றீரியாக்கள். காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக மாற்றுவது அவற்றின் வேலை. அந்த வேலையை எப்போது செய்வது, எப்போது நிறுத்துவது என்பதை அவற்றுக்குள் இருக்கும் ஒரு நுட்பமான கணக்கு முறை தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கு முறையைப் பற்றியது.

இது ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. வடக்கில் கமம் செய்தவர்கள் யூரியா இல்லாத காலத்தை இரண்டு தடவை கண்டவர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது தடுக்கப்பட்ட பொருட்களில் யூரியாவும் ஒன்று. வெடிபொருள் தயாரிக்கப் பயன்படலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இரண்டாவது தடவை, 2021 மே மாதத்தில், முழு நாட்டுக்கும் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இரண்டு தடவையும் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். யூரியா இல்லாமல் இந்த மண் நமக்குச் சோறு போடுமா? அதற்கான பதிலின் பெரும்பகுதி பற்றீரியாக்களிடம் இருக்கிறது.

காற்றில் இருக்கிறது, கைக்கு எட்டாது

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 வீதம் நைதரசன். புரதம், பரம்பரையலகு, இலையின் பச்சையம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆனாலும் நெற்பயிர் காற்றின் நடுவே நின்றுகொண்டே நைதரசன் இல்லாமல் மஞ்சளாகிறது. காற்றில் இரண்டு நைதரசன் அணுக்கள் மும்மைப் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதே காரணம். எந்தச் செடியாலும் எந்த விலங்காலும் அந்தப் பிடியை உடைக்க முடியாது.

அதை உடைக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று தொழிற்சாலை. ஜேர்மனியின் பிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுகூடத்தில் செய்துகாட்டியதை, கார்ல் பொஷ் பெருந்தொழிலாக மாற்றினார். 1913இல் ஒப்பாவ் என்ற இடத்தில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டல அமுக்கத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கமும் அதற்குத் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் தொடங்கியது. பசளைக்கென வந்த தொழில்நுட்பம் வெடிமருந்துக்கும் போனது. பசளைப் பையைச் சோதனைச் சாவடியில் சந்தேகத்தோடு பார்த்த வரலாறு, அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

மற்றைய வழி பற்றீரியா. சாதாரண வெப்பத்தில், சாதாரண அமுக்கத்தில், ஈர மண்ணுக்குள் அதே வேலையைச் செய்கிறது. அதற்கான நொதியத்தின் பெயர் நைதரசனேசு.

விலை கூடிய நொதியம்

நைதரசனேசு வேலை செய்யப் பெரும் செலவு பிடிக்கும். ஒரு நைதரசன் மூலக்கூறை உடைத்து இரண்டு அமோனியாவாக்க, பற்றீரியா குறைந்தது 16 ஏ.ரி.பி. மூலக்கூறுகளைச் செலவிட வேண்டும். ஏ.ரி.பி. என்பது கலத்தின் சக்தி நாணயம். இவ்வளவு செலவழித்தும் வேலை மெதுவாகவே நடக்கும். ஒரு மூலக்கூறை முடிக்க ஒரு செக்கன் அளவில் பிடிக்கும். பல நொதியங்கள் அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை முடித்துவிடும். மெதுவாக இருப்பதால் இந்த நொதியத்தைக் கலம் பெருமளவில் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. சில பற்றீரியாக்களில் மொத்தப் புரதத்தின் பத்தில் ஒரு பங்கு வரை இது ஒன்றே இருக்கும். போதாக்குறைக்கு, ஒட்சிசன் பட்டால் இது பழுதாகிவிடும்.

இப்படி ஒரு நொதியத்தை எந்த உயிரும் சும்மா ஓடவிடாது. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் ஒவ்வொரு போத்தலையும் எண்ணி எண்ணி ஊற்றியவர்களுக்கு இது புரியும். பக்கத்தில் அமோனியா இருந்தால் பற்றீரியா அதை எடுத்துக்கொள்ளும். இல்லாதபோது மட்டுமே காற்றை உடைக்கத் தொடங்கும்.

இருப்பை அறிவது எப்படி?

பற்றீரியாவுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. வெளியே நைதரசன் இருக்கிறதா என்பதை அது தன் கலத்துக்குள் இருக்கும் இரண்டு பொருட்களின் அளவை வைத்து அறிகிறது.

முதலாவது குளூட்டமின். கலத்துக்குள் வரும் அமோனியா முதலில் போய்ச் சேரும் அமினோ அமிலங்களில் இது ஒன்று. நைதரசன் தாராளமாக இருந்தால் குளூட்டமின் கூடும், தட்டுப்பட்டால் குறையும். இரண்டாவது ஒட்சோகுளூட்டரேற்று. இது வெல்லத்தை உடைக்கும்போது உருவாகும் ஒரு காபன் சேர்வை. நைதரசனைத் தாங்கிப் பிடிக்கக் காத்திருக்கும் வெற்றுப் பாத்திரம் என்று இதை நினைத்துக்கொள்ளலாம். பாத்திரம் கூடி, குளூட்டமின் குறைந்தால் கலத்துக்கு நைதரசன் போதவில்லை என்று பொருள்.

இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து வாசிப்பது ‘பி-இரண்டு’ எனப்படும் ஒரு சிறு புரதம். குளூட்டமின் குறைந்தால் ஒரு நொதியம் இந்தப் புரதத்தின்மேல் சிறிய இரசாயன அடையாளம் ஒன்றை ஒட்டும். கூடினால் அந்த அடையாளம் கழற்றப்படும். அடையாளத்தோடு இருக்கும் பி-இரண்டு ‘பஞ்சம்’ என்று சொல்கிறது. அடையாளம் இல்லாத பி-இரண்டு ‘போதும்’ என்று சொல்கிறது. கலத்தின் மற்ற முடிவுகள் பல இதிலிருந்து தொடங்குகின்றன.

பன்னிரண்டு துண்டுகள், பன்னிரண்டு பூட்டுகள்

அமோனியாவைக் கலத்துக்குள் சேர்க்கவும் பற்றீரியாவிடம் இரண்டு பாதைகள் உண்டு. அமோனியா நிறைய இருக்கும்போது பயன்படும் பாதைக்கு ஏ.ரி.பி. செலவில்லை. ஆனால் அமோனியா அருந்தலாக இருந்தால் அந்தப் பாதையால் அதைப் பிடிக்க முடியாது. அப்போது குளூட்டமின் சிந்தெற்றேசு என்ற நொதியம் வேலைக்கு வரும். ஒவ்வொரு அமோனியாவுக்கும் ஒரு ஏ.ரி.பி. செலவிட்டு, மிகச் சிறிய அளவில் இருப்பதையும் அது விடாமல் பிடிக்கும்.

இந்த நொதியம் பன்னிரண்டு ஒரே மாதிரியான துண்டுகளால் ஆனது. ஆறு ஆறாக இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் பூட்டுப் போட ஓர் இடம் உண்டு. நைதரசன் போதும் என்று பி-இரண்டு சொன்னால், வேறொரு நொதியம் வந்து துண்டு துண்டாகப் பூட்டுப் போடும். பஞ்சம் என்றால் அதே நொதியமே பூட்டுகளைக் கழற்றும். நான்கு துண்டில் பூட்டு இருந்தால் வேகம் கொஞ்சம் குறையும், எட்டில் இருந்தால் மேலும் குறையும், பன்னிரண்டிலும் இருந்தால் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே இது விளக்கை ஏற்றி அணைக்கும் ஆளியைப் போன்றது அல்ல. கூட்டிக் குறைக்கக்கூடிய அடுப்புத் திருகைப் போன்றது.

1960களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஏர்ல் ஸ்ராட்மன் குழுவினரும், ஜேர்மனியில் ஹெல்முட் ஹோல்சர் குழுவினரும் இதை ஈ. கோலை பற்றீரியாவில் கண்டறிந்தார்கள். ஒரு நொதியத்தைப் புதிதாகக் கட்டாமலும் உடைக்காமலும், அதன்மேல் ஒன்றை ஒட்டிக் கழற்றுவதன் மூலம் நிமிடக் கணக்கில் அதன் வேகத்தை மாற்றலாம் என்பது அன்று பெரிய செய்தி.

பஞ்சம் நீடித்தால் பற்றீரியா அடுத்த படிக்குப் போகும். பி-இரண்டு தரும் செய்தி ஒரு புரதச் சோடியின் வழியாகப் பரம்பரையலகுகளை எட்டும். ஈ. கோலையில் ஏறக்குறைய நூறு பரம்பரையலகுகள் அப்போது விழிக்கும். அமோனியாவை உள்ளே இழுக்கும் வாயில்கள், அமினோ அமிலங்களைப் பொறுக்கி எடுக்கும் புரதங்கள் எல்லாம் கட்டப்படும். இந்தப் படியை விளங்கிக்கொள்வதில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் போரிஸ் மகசானிக் ஆற்றிய பங்கு பெரியது.

காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கும் கிளெப்சியெல்லா வகைப் பற்றீரியாவில் இதற்கும் மேலே இன்னொரு படி உண்டு. நைதரசனேசைக் கட்டுவதற்கென்று 20 பரம்பரையலகுகள் வரிசையாக நிற்கும். அவற்றை எழுப்பும் புரதத்துக்கு ஒரு காவல்காரப் புரதம் உண்டு. அமோனியா கிடைத்தாலோ ஒட்சிசன் நுழைந்தாலோ, காவல்காரன் எழுப்புபவனைப் பிடித்து வைத்துக்கொள்வான். உயிர்ப்பசளையாக விற்கப்படும் அசோஸ்பிரில்லத்தில் வேறொரு தடுப்பும் இருக்கிறது. அமோனியா வந்து சேர்ந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் நைதரசனேசின்மேலேயே அது பூட்டுப் போட்டுவிடும். அமோனியா தீர்ந்ததும் பூட்டு கழற்றப்படும்.

நடைமுறையில் இதன் பொருள் எளிமையானது. அசோஸ்பிரில்லம் இட்ட வயலில் அதே கையோடு யூரியாவைக் கொட்டினால், காசு கொடுத்து வாங்கிய பற்றீரியாவை நாமே உறங்க வைக்கிறோம்.

வேர்முடிச்சுக்குள் ஓர் உடன்படிக்கை

பயறு, உழுந்து, கௌபி, கச்சான், சணல் போன்ற அவரைக் குடும்பச் செடிகளில் கணக்கு மாறுகிறது. முடிச்சுக்குள் வாழும் றைசோபியம் வகைப் பற்றீரியா நைதரசனைப் பிடிக்கும். ஆனால் அமோனியாவைத் தனக்கென்று சேர்க்கும் நொதியங்களை அங்கே அது பெருமளவில் தணித்துவிடும். கிடைத்த அமோனியாவின் பெரும்பகுதி செடிக்குப் போகும். பதிலுக்குச் செடி தன் இலையில் செய்த வெல்லத்திலிருந்து உணவு கொடுக்கும்.

முடிச்சின் இளஞ்சிவப்பு நிறமும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். அது நம் இரத்தத்தின் ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். பற்றீரியாவுக்கு மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். நைதரசனேசுக்கோ ஒட்சிசன் ஆகாது. ஒட்சிசனைப் பிடித்து அளந்து கொடுத்து, இந்தச் சிவப்புப் புரதம் இரண்டு பக்கத்தையும் சமாளிக்கிறது. முடிச்சுக்குள் ஒட்சிசன் போதிய அளவு குறைந்துவிட்டதை ஒரு சோடிப் புரதங்கள் உணர்ந்த பிறகே பற்றீரியா நைதரசனேசைக் கட்டத் தொடங்கும்.

செடிக்கும் தன் கணக்கு உண்டு. மண்ணில் நைத்திரேற்று நிறைய இருந்தால், செடி முடிச்சுகளை வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். முடிச்சுக்கு வெல்லம் கொடுப்பதைவிட மண்ணில் இருப்பதை உறிஞ்சுவது அதற்கு இலாபம். பயற்றுக்கும் கௌபிக்கும் அளவுக்கு மீறி யூரியா போட்டவர்கள், செடி செழித்து நிற்க வேரில் முடிச்சே இல்லாததைக் காண்பது இதனால்தான்.

வைக்கோல் தாழ்த்த வயல் மஞ்சளாவது ஏன்?

சேதனப் பசளைக்கு மாறச் சொன்ன காலத்தில் பலர் வைக்கோலை வயலுக்குள்ளேயே உழுதுவிட்டார்கள். சில கிழமைகளில் இளம் பயிர் மஞ்சளாகியது. பசளை போட்டும் பயிர் பட்டினி கிடந்தது ஏன்?

பி-இரண்டு புரதத்துக்கே திரும்பிப் போவோம். வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு 50 பங்குக்கு மேல் காபன் இருக்கும். அதை உண்ணும் பற்றீரியாவுக்குள் காபன் பாத்திரங்கள் குவிகின்றன, குளூட்டமின் குறைகிறது. ‘பஞ்சம்’ என்ற செய்தி போகிறது. பன்னிரண்டு துண்டுகளின் பூட்டுகளும் கழற்றப்படுகின்றன. மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்ச அமோனியாவையும் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் தமக்கென்று பிடித்துக்கொள்கின்றன. வேருக்கு எஞ்சுவது சொற்பம். அந்தப் பற்றீரியாக்கள் இறந்து உக்கும்போது நைதரசன் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்குள் பயிரின் முக்கியமான பருவம் கடந்துவிடும்.

பொதுவாக ஒரு பங்கு நைதரசனுக்கு 25 பங்களவில் காபன் இருப்பதே எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் பற்றீரியாவின் தேவை தீர்ந்து மிச்சம் பயிருக்குப் போகும். இளம் சணலும் கிளிசரிடியாக் குழையும் அந்தப் பக்கம் நிற்பவை. பூக்கத் தொடங்கும் வேளையில் சணலை உழுதுவிடும் வழக்கம் இதற்குப் பொருந்துகிறது. தண்டு முற்றினால் காபன் கூடி, அதுவும் வைக்கோலைப் போல ஆகிவிடும். தோட்டங்களில் குழை தாழ்த்தி வந்த பழைய தலைமுறை இந்தக் கணக்கைப் புரதத்தின் பெயர் தெரியாமலே கையாண்டது.

கிணற்றுக்குப் போகும் நைதரசன்

எல்லாப் பற்றீரியாவும் ‘போதும்’ என்று நிறுத்துவதில்லை. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் கூட்டத்துக்கு அமோனியாதான் எரிபொருள். உடம்பைக் கட்டுவதற்கு மட்டும் என்றால் ஓர் அளவோடு போதும். எரிபொருள் கிடைக்கக் கிடைக்க எரித்துக்கொண்டே இருக்கலாம். யூரியாவைப் பயிர் எடுக்க முந்தியே இவை நைத்திரேற்றாக்கிவிடும்.

நைத்திரேற்றைத் திரும்ப வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பும் இன்னொரு கூட்டமும் உண்டு. ஆனால் அவை ஒட்சிசன் அற்றுப்போனால்தான் அந்த நொதியங்களைக் கட்டும். ஒட்சிசன் இருக்கும்வரை நைத்திரேற்றைத் தொடமாட்டா. நெல்வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும்போது இந்த இரண்டு கூட்டமும் மாறி மாறி வேலை செய்து, இட்ட நைதரசனைக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் நிலைமை வேறு. காற்றோட்டமுள்ள மண், ஆழம் குறைவு, கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். நைத்திரேற்றாக்கும் கூட்டத்துக்கு நல்ல வசதி, வாயுவாக்கும் கூட்டத்துக்கு வேலை குறைவு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இட்ட மிகைப் பசளை மழையோடு நேரே நிலத்தடி நீருக்குப் போகிறது. மலசலகூடக் குழிகளின் கழிவும் அதோடு சேருகிறது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வைத்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்து ஆய்வுகள் காட்டி வருகின்றன. கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது ஆபத்து. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

ஒரே இரவில் ஏன் முடியவில்லை?

2021இன் தடையைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு தொன் நெல் விளையப் பயிர் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ நைதரசன் எடுக்கும். ஹெக்ரயருக்கு ஐந்து தொன் வேண்டுமென்றால் 75 முதல் 100 கிலோ. மண் ஒரு பங்கைத் தரும், மீதியை நாம் கொடுக்க வேண்டும். 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்களவுதான். அதே 23 கிலோவுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். அதுவும் முதல் போகத்திலேயே முழுவதும் கிடைக்காது. அவ்வளவு எரு நாட்டில் இருக்கவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. விளைச்சல் விழுந்தது.

பற்றீரியாவின் நொதியம் நிமிடங்களில் விழிக்கும். ஆனால் வேண்டிய இனம் மண்ணில் பெருகுவதும், அவரைப் பயிர் ஒரு போகம் நின்று நைதரசனைச் சேர்ப்பதும், மண்ணின் சேதனப் பொருள் உயர்வதும் போகக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடப்பவை. வர்த்தமானி அறிவித்தலுக்கு அவை கட்டுப்படுவதில்லை.

இதைப் பொறுமையாகச் செய்து காட்டிய நாடு பிரேசில். அதில் முக்கிய பங்கு வகித்தவர் ஜொஹானா டோபெரெய்னர். 1924இல் இன்றைய செக் நாட்டில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இடம்பெயர்க்கப்பட்டுப் பண்ணைகளில் கூலிவேலை செய்தவர். பிறகு மியூனிக்கில் விவசாயம் படித்து, பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, செரோபெடிக்கா என்ற ஊரின் ஆய்வுகூடத்தில் மண் பற்றீரியாக்களை ஆராய்ந்தார். அசோஸ்பிரில்லம் பற்றி உலகம் பேசத் தொடங்கியது 1970களில் வந்த இவரது ஆய்வுகளால். நைதரசன் பசளை இல்லாமல், பற்றீரியாவோடு நன்றாக இணங்கும் சோயா இனங்களைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று அவர் வாதாடினார். அவ்வாறே பல ஆண்டுகள் பயிரையும் பற்றீரியாவையும் சேர்த்துத் தெரிவுசெய்தார்கள். இன்று பிரேசிலின் சோயாவில் மிகப் பெரும்பகுதி நைதரசன் பசளை இல்லாமலே விளைகிறது. ஆனால் அது சோயா, அவரைக் குடும்பம். நெல்லுக்கு அப்படி ஒரு முடிச்சு இல்லை.

கமத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவை

• பயறு, உழுந்து, கௌபி, கச்சான் பயிரிடும்போது யூரியாவைக் குறைந்த ஆரம்ப அளவோடு நிறுத்தலாம். பூக்கும் வேளையில் நான்கைந்து செடியைத் தோண்டி முடிச்சைக் கீறிப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் மேலும் யூரியா தேவையில்லை.

• நம் மண்ணில் கௌபி, பயறு போன்றவற்றுக்கு ஏற்ற பற்றீரியாக்கள் பெரும்பாலும் இயல்பாகவே உண்டு. சோயாவுக்கு அதற்குரிய பற்றீரியாவை விதையோடு கலந்து இட வேண்டிவரும்.

• நெல்லுக்கு யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பல தடவையாகப் பிரித்து இடுவது நல்லது. பயிர் எடுக்கும் வேகத்துக்கு மேல் இடுவது, நைத்திரேற்றாக்கும் கூட்டத்துக்கு இடும் தீனி.

• வைக்கோலை உழுவதானால் விதைப்புக்குப் பல கிழமைக்கு முந்தி உழுங்கள், அல்லது இளம் அவரைத் தழையோடு சேருங்கள்.

• தோட்டக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள், குறிப்பாகக் கைக்குழந்தை உள்ள வீட்டார், அதை ஒரு தடவையாவது நைத்திரேற்றுக்குச் சோதித்துப் பாருங்கள்.

யூரியா எதிரியும் அல்ல, தெய்வமும் அல்ல. அது அளவோடு இருக்கும்வரை பயிருக்குப் போகிறது. அளவு மிஞ்சினால் பற்றீரியாவை உறங்க வைத்து, கிணற்றுக்கும் காற்றுக்கும் போகிறது. போர்க்காலத்தில் கிடைக்காமல் போனதாலும், பிறகு தாராளமாகக் கிடைத்ததாலும், 2021இல் மறுபடி பறிபோனதாலும் நம் கமக்காரர்கள் தேவையைக் கண்டு இடும் சந்தர்ப்பத்தை அதிகம் பெறவில்லை. கிடைக்கும்போது போட்டுவிடுவதே பழக்கமானது. அடுத்த போகத்தில் பசளைப் பையைப் பிரிக்க முந்தி, முதலில் ஒரு செடியைத் தோண்டி வேரைப் பார்ப்போம்.